நரம்பு முதல் நியூரான் வரை: வாசகர் கேள்விகள்

கே: ரத்ததான முகாமில் நர்ஸ், “உங்களுக்கு நரம்பு சரியாகக் கிடைக்கவில்லை” என்றார். முழங்கை மடிப்பில் பச்சையாகத் தெரிகிறதே, அதுவும் மூளையிலிருந்து வருகிற நரம்பும் ஒன்றா? ஊசி தப்பாகக் குத்தினால் கை விளங்காமல் போய்விடுமா?
– கும்பகோணம் வாசகர்

ப: ஒன்றல்ல. நர்ஸ் தேடியது சிரை. ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகிற குழாய் அது. பேச்சுத் தமிழில் அதையும் நரம்பு என்கிறோம், இலையில் ஓடுவதையும் நரம்பு என்கிறோம், யாழில் கட்டியதையும் நரம்பு என்றே சொல்லிவந்தோம். கிரேக்கர்களுக்கும் இதே கதைதான். ‘நியூரோன்’ என்ற அவர்களுடைய சொல் முதலில் குறித்தது தசைநாணையும் வில்லின் நாணையும். கி.மு. 300 வாக்கில் அலெக்சாண்டிரியாவில் மனித உடலை அறுத்துப் பார்த்த ஹீரோஃபிலஸ், எராசிஸ்டிராட்டஸ் இருவரும்தான் நரம்பைத் தனியாகப் பிரித்தெடுத்தார்கள். பிடித்துக்கொண்டே போனால் அது மூளையிலோ தண்டுவடத்திலோ போய் முடியும். நாண் அப்படி முடியாது, ரத்தக் குழாயும் முடியாது.

நிஜ நரம்பு வெள்ளையாக இருக்கும். நடுவில் துளை கிடையாது. நனைத்துப் பிழிந்த நூல்கயிறு மாதிரி, கட்டுக் கட்டாக இழைகள். தொடைக்குப் பின்னால் இறங்குகிற சயாட்டிக் நரம்பு கட்டைவிரல் பருமன் இருக்கும். ஒரு நரம்பை வெளியிலிருந்தே தொட்டுப் பார்க்கலாம். முழங்கையைப் பாதி மடக்குங்கள். உள்பக்கம் துருத்தும் எலும்புக்கும் முழங்கை நுனிக்கும் நடுவே ஒரு பள்ளம் இருக்கும். அதில் விரல்நுனியைக் குறுக்காக உருட்டினால் ஒரு கயிறு வழுக்கி நகரும். அது அல்நார் நரம்பு. கதவு நிலையில் அந்த இடம் இடித்தால் சுண்டுவிரலும் மோதிர விரலில் பாதியும் ‘ஷாக்’ அடிப்பது இதனால்தான், அந்த ஒன்றரை விரலின் உணர்வு இந்த வழியாகப் போகிறது. தொழுநோயைச் சோதிக்கிற மருத்துவர்களும் இதே பள்ளத்தில்தான் தடவுவார்கள். நரம்பு தடித்திருந்தால் அது முக்கியமான அடையாளம்.

ஊசி விஷயம்: முழங்கை மடிப்பில் சிரைகளை ஒட்டி மெல்லிய தோல் நரம்புகளும், இன்னும் ஆழத்தில் மீடியன் நரம்பும் போகின்றன. ஊசி நரம்பில் பட்டால் கரண்ட் பாய்ந்தது போலக் கீழே வரை சுரீர் என்று இழுக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்காதீர்கள், உடனே சொல்லுங்கள். ஊசியை எடுத்துவிட்டு வேறு இடம் பார்ப்பார்கள். பெரும்பாலும் நாளாக ஆகச் சரியாகிவிடும். மரத்துப்போவதோ விரலில் பலம் குறைவதோ நீடித்தால் நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கே: காலில் முள் குத்தினால் முதலில் ‘சுருக்’. அது அடங்கிய பிறகு இன்னொரு வலி, எரிச்சலாக, மெதுவாக வருகிறது. ஒரு முள்ளுக்கு ஏன் இரண்டு வலி?
– நெல்லை வாசகி

ப: இரண்டு வலியும் ஒரே நேரத்தில்தான் கிளம்புகின்றன, வந்துசேரும் வேகம்தான் வேறு. ‘சுருக்’கைக் கொண்டுவருவது மயலின் என்ற மெல்லிய கொழுப்பு உறை போர்த்திய ஏ-டெல்டா இழைகள். நொடிக்கு 5 முதல் 30 மீட்டர் வேகம். எரிச்சலைக் கொண்டுவருவது உறையே இல்லாத சி இழைகள். அவை நொடிக்கு அரை மீட்டரிலிருந்து இரண்டு மீட்டர் வரைதான் போகும், நாம் நடக்கிற வேகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதத்திலிருந்து தண்டுவடம் வரை ஏறக்குறைய ஒரு மீட்டர். எனவே எரிச்சல் ஒரு நொடி பிந்துகிறது. நெற்றியில் குத்தினால் இந்த இடைவெளி தெரியாது, தூரம் போதாது.

நரம்பில் செய்தி போவதற்கு நேரமே ஆகாது என்றுதான் 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில்கூட நம்பினார்கள். அக்கால உடலியலின் பெரிய பெயரான யோஹன்னஸ் முல்லர், இந்த வேகத்தை அளக்கவே முடியாது என்று நினைத்தார். அளந்தது அவருடைய மாணவர் ஹெர்மன் ஹெல்ம்ஹோல்ட்ஸ், 1850இல், கோனிக்ஸ்பெர்க்கில், ஒரு தவளைக் காலை வைத்து. தசைக்கு அருகில் நரம்பைத் தூண்டினார், தசை சுருங்க எவ்வளவு நேரம் என்று குறித்துக்கொண்டார். அடுத்து, தசையிலிருந்து தள்ளி அதே நரம்பைத் தூண்டினார். இரண்டு நேரத்துக்கும் உள்ள வித்தியாசம், நரம்பில் அந்தக் கூடுதல் தூரத்தைக் கடக்க ஆன நேரம். தசை விழித்துக்கொள்ள எடுக்கும் நேரம் இரண்டு அளவிலும் இருப்பதால் கழித்தலில் அடிபட்டுப்போகிறது. இந்தக் கழித்தல்தான் சோதனையின் அழகு. விடை நொடிக்குச் சுமார் 27 மீட்டர். அந்த வேகத்தில் 5 செ.மீ. நரம்பைக் கடக்க 2 மில்லிநொடிகூட ஆகாது. அதை அன்றைய கடிகாரம் எதுவும் பிடிக்காது. அவர் மின்சாரத்தையே கடிகாரமாக்கினார்: தூண்டும் கணத்தில் ஒரு மின்சுற்று தொடங்கும், தசை சுருங்கும்போது அந்தச் சுற்று அறுந்துவிடும். இடையில் மின்னோட்டத்தைக் காட்டும் கால்வனாமீட்டரின் முள் எவ்வளவு விலகியது என்பதிலிருந்து நேரம் கிடைத்தது.

வீட்டில் செய்ய ஒன்று. ஒருவர் 30 செ.மீ. ஸ்கேலை நுனியில் பிடித்துத் தொங்கவிடட்டும். பூஜ்ஜியக் கோடு உங்கள் கட்டைவிரலின் மேல்விளிம்புக்கு நேராக இருக்கட்டும், விரல்களுக்கு இடையே 2 செ.மீ. இடைவெளி. சொல்லாமல் விடச் சொல்லுங்கள், பிடியுங்கள். 15 செ.மீ.யில் பிடித்தால் 0.17 நொடி, 20 செ.மீ. என்றால் 0.20 நொடி, 25 என்றால் 0.23. பத்துத் தடவை செய்து முதல் இரண்டைத் தள்ளிவிட்டு சராசரி பாருங்கள். விடுகிறவரின் கை விடுவதற்கு முன் லேசாக அசைந்தால் அளவு கெட்டுப்போகும், நீங்கள் ஸ்கேலைப் பார்க்காமல் அவர் விரலைப் பார்க்கத் தொடங்கிவிடுவீர்கள். இந்த 200 மில்லிநொடியில் கழுத்திலிருந்து விரல் வரை செய்தி இறங்க ஆவது 20 மில்லிநொடிதான் இருக்கும். மீதியில் பெரும்பகுதி கண்ணிலும் மூளையிலும் தசையிலும் கழிகிறது.

கே: மனிதன் மூளையில் பத்து சதவீதத்தைத்தான் பயன்படுத்துகிறான் என்று எங்கள் பள்ளி விழாவில் ஒரு பேச்சாளர் சொன்னார். உண்மையா?
– தர்மபுரி மாணவி

ப: இல்லை. உடல் எடையில் இரண்டு சதவீதம்கூட நிறைந்திராத மூளை, ஓய்வாக இருக்கும்போதே உடலின் மொத்த ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கைத் தின்கிறது. பத்தில் ஒன்பது பங்கு சும்மா கிடந்தால் இந்தச் செலவு ஆகாது. பக்கவாதம் வந்தவர்களைப் பாருங்கள்: இடது முன்மடலில் ஒரு சிறு பகுதி செத்தால் பேச்சு தடுமாறுகிறது. 1861இல் பாரிஸில் பால் புரோகா, ‘டான்’ என்ற ஒரே அசையை மட்டும் சொல்லத் தெரிந்திருந்த நோயாளியின் மூளையைத் திறந்து பார்த்து அந்த இடத்தைக் காட்டினார். எல்லா நியூரான்களும், அதாவது நரம்புச் செல்களும், ஒரே நேரத்தில் சுடுவதில்லை என்பது நிஜம். அப்படிச் சுட்டால் அதற்குப் பெயர் திறமை இல்லை, வலிப்பு.

கே: எம்.எஸ்ஸி. விலங்கியல் படிக்கிறேன். எலி மூளையில் கோல்கி சாயமேற்றம் செய்தோம். ஸ்லைடின் ஓரமெல்லாம் கறுப்புப் படிகம், நடுவில் மஞ்சளாக வெறுமை. 1873இல் ஒரு சமையலறையில் வந்தது எங்கள் ஆய்வகத்தில் ஏன் வரவில்லை? இதைக் கண்டுபிடித்தவரே நியூரானை ஏற்கவில்லை என்கிறார்களே, அது எப்படி?
– திருச்சி மாணவர்

ப: முதலில் உங்கள் ஸ்லைடு. கோல்கி சாயமேற்றம் என்பது வெள்ளி உப்பைப் படியவைத்து நியூரானைக் கறுப்பாகக் காட்டும் முறை. என்ன கரைசல் வைத்தீர்கள் என்று எழுதவில்லை. கல்லூரி ஆய்வகத்துக்கு ஏற்றது 1896இல் கோப்ஷ் மாற்றியமைத்த முறை. ஸ்பெயின் விஞ்ஞானி ராமோன் இ காஹாலின் வேகமுறையில் ஆஸ்மியம் டெட்ராக்சைடு வரும். அதன் ஆவியே கண்ணைக் கெடுக்கும், அதனால் அதைத் தவிர்த்துவிடுங்கள்.

துண்டு 3 முதல் 5 மி.மீ. தடிமனுக்கு மேல் போகக் கூடாது. 3.5 சதவீதப் பொட்டாசியம் டைகுரோமேட் நான்கு பங்கு, ஃபார்மலின் ஒரு பங்கு, அப்போதே கலந்தது. அதில் ஒரு நாள். பிறகு வெறும் 3.5 சதவீத டைகுரோமேட்டில் இரண்டிலிருந்து நான்கு நாள். அப்புறம் 0.75 சதவீத சில்வர் நைட்ரேட்டில் மூன்றிலிருந்து ஆறு நாள், இருட்டில். இரண்டும் சந்திக்கும் இடத்தில் சில்வர் குரோமேட் படிந்து நியூரானின் வயிற்றை நிரப்புகிறது. சாயம் என்று சொல்கிறோமே தவிர, நடப்பது படிவு.

ஓரத்துப் படிகம் வரக் காரணம், டைகுரோமேட் சொட்டச் சொட்டத் துண்டை வெள்ளியில் போட்டதுதான். இரண்டும் வெளியிலேயே சந்தித்துக்கொண்டன. துண்டை வடிதாளில் ஒற்றி, ஏற்கனவே பயன்படுத்திய பழைய சில்வர் நைட்ரேட்டில் செங்கல் நிறக் கசடு விழுவது நிற்கும்வரை அலசிவிட்டுப் புதுக் கரைசலில் போடுங்கள். அப்படியும் மேல் அரை மில்லிமீட்டரை வெட்டி எறிந்துவிட வேண்டும். குழாய்த் தண்ணீரைத் தொடாதீர்கள், அதில் உள்ள குளோரைடு வெள்ளியைப் பாலாகத் திரித்துவிடும். இரும்பு இடுக்கியும் வேண்டாம், கண்ணாடிக் குச்சியோ பிளாஸ்டிக் இடுக்கியோ போதும்.

நடுவில் வெறுமை என்றால் சந்தேகம் டைகுரோமேட் நாள்கணக்கின் மேல். நாள் குறைந்தால் நியூரானுக்குத் துணைநிற்கும் கிளியா செல்கள் மட்டும் கறுக்கும், இன்னும் ஊறினால் நியூரான், அதற்கும் மேலே இழைகள். ஒரே மூளையை நான்கு துண்டாக்கி, 2, 3, 4, 5 நாள் என்று ஒவ்வொன்றையும் வேறு நாளில் வெள்ளிக்கு மாற்றுங்கள். ஒன்றாவது தேறும். தேறாததைத் திரும்ப டைகுரோமேட்டிலும் மறுபடி வெள்ளியிலும் போடலாம். இந்த இரட்டைப் பூச்சுதான் காஹாலுடைய வெற்றியின் ஒரு பாதி. வெட்டும்போது 100 மைக்ரானுக்குக் குறையாமல் வெட்டுங்கள். மெல்லிய சீவலில் கிளைகள் துண்டு துண்டாகிவிடும். டைகுரோமேட்டில் உள்ள குரோமியம் புற்றுநோய் உண்டாக்கும், கையுறை கட்டாயம், கழிவைத் தொட்டியில் ஊற்றவே கூடாது.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. கமிலோ கோல்கி மிலானுக்கு அருகே அப்பியாதெகிராசோவில், தீராநோயாளிகளுக்கான மருத்துவமனையில் வேலை பார்த்தவர். அங்கே ஒரு சமையலறைதான் அவருடைய ஆய்வுக்கூடம். அவர் கண்டதன் மகிமை, நூற்றுக்குச் சில நியூரான்கள் மட்டும் கறுப்பது. எல்லாம் கறுத்திருந்தால் மைக்குட்டைதான் தெரிந்திருக்கும். எது கறுக்கும், எது கறுக்காது என்பதற்கான காரணம் இன்றுவரை விளங்கவில்லை. ஆனால் கறுத்த இழைகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதைப் பார்த்த அவர், மூளை முழுவதும் அறுபடாத ஒரே வலை என்று முடிவுகட்டினார்.

காஹால் 1887இல் மாட்ரிட்டில், லூயிஸ் சிமாரோ என்ற மருத்துவர் வைத்திருந்த கோல்கி ஸ்லைடைப் பார்த்தார். அவர் செய்த மாற்றம் எளிது, ஆனால் ஆழமானது. வளர்ந்த மூளையில் மயலின் உறை வெள்ளியை உள்ளே விடாமல் தடுக்கிறது. உறை வளராத கருவையும் குஞ்சையும் எடுத்தால்? பறவையின் சிறுமூளையில் செய்தியை வெளியே கொண்டுபோகிற நீண்ட இழைகளான ஆக்சான்களின் நுனியைக் கடைசி வரை தொடர்ந்து போனார். அவை சிறுமூளையின் பெரிய நரம்புச் செல்லான பர்கின்ஜி செல்லின் உடலைக் கூடைபோலச் சூழ்ந்து நின்றன, உள்ளே கலக்கவில்லை. 1888இல் இதை அவரே தொடங்கிய சஞ்சிகையில் வெளியிட்டார். மறு ஆண்டு ஸ்லைடுகளைப் பெட்டியில் எடுத்துக்கொண்டு பெர்லினில் நடந்த உடற்கூறியலாளர் கூட்டத்துக்குப் போனார். முதுபெரும் அறிஞர் கோலிக்கர் மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்தார், மனம் மாறினார். 1891இல் வால்டேயர் அந்தத் தனித்தனி செல்லுக்கு ‘நியூரான்’ என்று பெயர் வைத்தார்.

1906இல் இருவருக்கும் சேர்த்தே நோபல் பரிசு. கோல்கி தம் பரிசு உரையிலேயே நியூரான் கொள்கையை எதிர்த்துப் பேசினார். அவரைப் பிடிவாதக்காரர் என்று ஒதுக்கிவிடக் கூடாது. இரண்டு நியூரான்களுக்கு நடுவே உள்ள இடைவெளி சுமார் 20 நானோமீட்டர், மில்லிமீட்டரில் ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு. ஒளி மைக்ரோஸ்கோப்பில் அதைவிடப் பத்து மடங்கு பெரிய இடைவெளியே மங்கிவிடும். அவர்கள் சண்டையிட்டது இருவராலும் பார்க்கவே முடியாத ஒன்றுக்காக. 1950களில் எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப் அந்த இடைவெளியைக் காட்டியது. அப்போது இருவருமே உயிரோடு இல்லை.

கே: மூளையில் 10,000 கோடி நியூரான் என்று பழைய புத்தகத்தில் உள்ளது. என் மகளின் புத்தகத்தில் 8,600 கோடி. இதை யார் உட்கார்ந்து எண்ணினார்கள்?
– கோவை வாசகி

ப: மகளின் புத்தகமே சரி. 10,000 கோடி என்பது வெகுகாலம் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதிவந்த உருண்டை எண். அதற்கு எண்ணிக்கை ஆதாரம் தேடிப் பார்த்துக் காணாமல்தான் பிரேசில் ஆய்வாளர் சுசானா எர்குலானோ-ஹூசெல் வேறு வழி பார்த்தார்.

சிரமம் என்னவென்றால், நியூரான்கள் மூளையில் சீராக இல்லை. ஓரிடத்தில் எண்ணி மொத்தத்துக்குப் பெருக்கினால் விடை எக்கச்சக்கமாகப் பிசகும். அவருடைய யோசனை: மூளையைக் கரைத்துவிடு. ஃபார்மலினில் கெட்டிப்பட்ட மூளையைப் பகுதி பகுதியாக வெட்டி, சோப்பு வகைக் கரைசலோடு கண்ணாடிக் குழாயில் இட்டு அரைக்க வேண்டும். செல்லின் சவ்வு கரைந்துவிடும், உட்கரு மட்டும் உடையாமல் மிதக்கும். ஒரு செல்லுக்கு ஓர் உட்கரு என்பதால் உட்கருவை எண்ணினால் செல்லை எண்ணியதாகிறது. நன்றாகக் குலுக்கினால் கரைசல் எங்கும் ஒரே சீராகிவிடும், எந்தத் துளியை எடுத்தாலும் ஒரே கணக்கு. உட்கருவை நீலமாக ஒளிரவைக்க ஒரு சாயம், நியூரானின் உட்கருவில் மட்டும் ஒட்டுகிற எதிர்ப்புரதம் இன்னொன்று. பால்காரர் லாக்டோமீட்டர் போடுமுன் பாலைக் கலக்குகிறாரே, அதே காரியம்தான். சரியாகக் கலக்காவிட்டால் உட்கரு அடியில் தங்கி எண்ணிக்கை குறையும், ஃபார்மலினில் போதிய நாள் ஊறாத மூளை என்றால் அரைக்கும்போது உட்கருவே உடைந்துவிடும்.

2009இல் வெளியான விடை: நியூரான் சுமார் 8,600 கோடி, கிளியா முதலான மற்ற செல்கள் சுமார் 8,500 கோடி. ‘கிளியா பத்து மடங்கு’ என்ற பழைய வாக்கியமும் அதோடு போயிற்று. இன்னும் வியப்பு, மூளையின் எடையில் பத்தில் ஒரு பங்கான சிறுமூளையில்தான் 6,900 கோடி. நாம் பெருமை பேசும் பெருமூளைப் புறணியில் 1,600 கோடி. ஒரு எச்சரிக்கை: கரைத்து எண்ணியது நான்கு ஆண் மூளைகளை மட்டும். இந்த எண்ணை அவரவருக்குச் சற்று முன்பின் இருக்கும் என்றே வாசிக்க வேண்டும்.

கே: சென்னையிலும் மூளையைச் சீவிப் படம் எடுக்கிறார்களாமே?
– வேலூர் வாசகர்

ப: ஆம். சென்னை ஐ.ஐ.டி.யின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம். கருவிலிருக்கும் சிசுவின் மூளைச் சீவல்கள் 5,132ஐச் செல் தெரியும் அளவுக்குப் படமாக்கி, ‘தரணி’ என்ற பெயரில் 2024 டிசம்பரில் எவரும் பார்க்கும்படி திறந்துவைத்தார்கள். மூளையைச் சீவுவது சொல்ல எளிது. புதிய மூளை கெட்டித் தயிர் போல, வைத்த இடத்தில் தன் எடையாலேயே தட்டையாகும். அதனால் பிணக்கூறு ஆய்வகங்களில் அடிப்பக்கத்து பேசிலார் தமனிக்குக் கீழே நூலைக் கோத்து, 10 சதவீத ஃபார்மலின் வாளியில் தரை தொடாமல் தலைகீழாகத் தொங்கவிடுவார்கள், குறைந்தது இரண்டு வாரம். உறையவைத்துச் சீவுவதானால் அதற்கு முன் சர்க்கரைக் கரைசல். 30 சதவீதக் கரைசலில் மிதக்கும் துண்டு அடியில் போய் உட்காரும்வரை பொறுக்க வேண்டும். அவசரப்பட்டால் செல்லுக்குள் பனிப்படிகம் முளைத்துச் சீவல் சல்லடையாகிவிடும்.

கே: சர்க்கரை நோயால் அப்பாவுக்கு இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். புண் ஆறிவிட்டது. ஆனால் இல்லாத பாதத்தில் விரல்களை யாரோ முறுக்குவது போல வலி என்று இரவெல்லாம் தூங்குவதில்லை. மனப்பிரமை என்கிறார்கள் உறவினர்கள். கண்ணாடிப் பயிற்சி உதவுமா? வீட்டில் செய்யலாமா?
– மதுரை வாசகர்

ப: பிரமை இல்லை என்பதை அப்பாவிடம் இன்றே சொல்லுங்கள். உறுப்பு இழந்தவர்களில் மிகப் பலருக்கு இந்த வலி வருகிறது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் கை கால் இழந்த வீரர்களைக் கவனித்த மருத்துவர் சைலஸ் வெயர் மிட்செல் 1871இலேயே இதைப் பெயரிட்டு எழுதினார். கால் போனாலும் மூளையில் அந்தக் காலுக்கு உரிய இடம் போவதில்லை. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி.எஸ். ராமச்சந்திரன் 1990களில் சான் டியாகோவில், நல்ல கையின் பிம்பத்தை இல்லாத கையின் இடத்தில் தெரியும்படி கண்ணாடியை நிறுத்தினார். ‘திறக்கவே முடியாதபடி இறுகியிருந்த’ கை திறந்துகொண்டது போலச் சிலருக்கு வலி தளர்ந்தது. காலிழந்தவர்களில் 18 பேர் முடித்த ஒரு சிறிய ஆய்வு 2007இல் வந்தது. நாளுக்கு 15 நிமிடம், நான்கு வாரம் செய்ததில் கண்ணாடிக் குழுவினர் எல்லாருக்கும் வலி குறைந்தது. பின்னால் வந்த ஆய்வுகள் எல்லாமே இவ்வளவு நல்ல செய்தி தரவில்லை. செலவும் ஆபத்தும் குறைவு என்பதால் முயன்று பார்க்கத் தகுந்தது.

கண்ணாடி சுமார் 120 செ.மீ. நீளம், 40 செ.மீ. உயரம். அக்ரிலிக் என்றால் கனமும் இல்லை, உடையவும் செய்யாது. ஓரங்களுக்கு டேப் ஒட்டிவிடுங்கள். அப்பா கட்டிலில் முதுகுக்குத் தலையணை வைத்துக் காலை நீட்டி உட்காரட்டும். கண்ணாடியை இரண்டு காலுக்கும் நடுவே நீளவாக்கில் நிறுத்துங்கள், பிம்பம் தெரியும் பக்கம் வலது காலைப் பார்த்து. எடுத்த கால் முழுவதும் கண்ணாடிக்குப் பின்னால் மறைய வேண்டும். தலையைச் சற்று வலப்பக்கம் சாய்த்து, பிம்பம் இடது பாதம் இருந்த இடத்தில் வந்து பொருந்தும்வரை சரிசெய்யுங்கள். இது பொருந்தாமல் செய்தால் பயன் இல்லை. வேட்டியை முழங்காலுக்கு மேலே ஏற்றிவிடுங்கள். வலது காலில் கறுப்புக் கயிறு கட்டியிருந்தால் கழற்றுங்கள், இடது காலில் இல்லாத எதுவும் பிம்பத்தில் தெரியக் கூடாது. பெண்களுக்குச் செய்யும்போது கொலுசும் மெட்டியும் இதே கணக்கு.

முதல் இரண்டு நிமிடம் வெறுமனே பார்க்கட்டும். பிறகு பாதத்தை மேலே, கீழே, விரல்களை மடக்கி விரிப்பது, கணுக்காலைச் சுழற்றுவது. ஒவ்வொன்றும் பத்துத் தடவை, மெதுவாக. அதே அசைவை இல்லாத பாதத்திலும் செய்வதாக முயல வேண்டும், சும்மா பார்த்துக்கொண்டிருந்தால் போதாது. முறுக்கிய விரல் விரியும் அசைவைக் கடைசியில் வையுங்கள்.

முதல் சில நாள் தலைசுற்றலோ அழுகையோ வரலாம், வலியே கூடலாம். அப்போது நிறுத்திவிட்டு மறுநாள் 5 நிமிடத்தில் தொடங்குங்கள். வலது பாதத்தை வேகமாக ஆட்டினால் பின்தொடர முடியாமல் வலி ஏறும். எடுத்த காலில் மிஞ்சிய பகுதியில் ஒரு புள்ளியை அழுத்தினால் கரண்ட் அடிக்கிறது என்றால் அது நரம்பு முனை முடிச்சாக இருக்கலாம், அதற்குக் கண்ணாடி மருந்தல்ல, அறுவை மருத்துவரிடம் காட்ட வேண்டும். நரம்பு வலிக்கான மாத்திரைகளும் உள்ளன, சிறுநீரக நிலையைப் பார்த்து மருத்துவர் அளவு சொல்வார். முதல் இரண்டு மூன்று அமர்வை ஒரு பிசியோதெரபிஸ்டின் மேற்பார்வையில் செய்துவிட்டு வீட்டுக்குக் கொண்டுவருவது நல்லது. கண்ணாடி முன் உட்காரும் நேரத்தில் வலது பாதத்தின் அடியையும் விரலிடுக்கையும் தினமும் பார்த்துவிடுங்கள். சர்க்கரையால் உணர்வு குறைந்த பாதத்தில் புண் வந்தால் அப்பாவுக்குத் தெரியாது, உங்கள் கண்ணுக்குத்தான் தெரியும்.